ஒரு சொல், இரு எதிர்பார்ப்புகள்: பார்சிலோனா அவையில் மஸீஹ் பற்றிய விவாதம்

மஸீஹ் என்னும் சொல்லை நாம் அனைவரும் அறிவோம். மர்யம் (அலை) அவர்களின் மைந்தர் ஈஸா நபி (அலை) அவர்களைத் திருக்குர்ஆன் 11 இடங்களில் அல்மஸீஹ் என்று குறிப்பிடுகிறது. இதே சொல்லை யூதர்கள் எபிரேய மொழியில் மாஷியாஹ் என்பர். தமிழ்க் கிறித்தவர்கள் மேசியா என்பர். இதன் கிரேக்க மொழிபெயர்ப்பே கிறிஸ்து என்பதாகும்.

சொல் ஒன்றாயினும், யூதரும் கிறித்தவரும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக அதன் பொருளில் வேறுபட்டு நிற்கின்றனர். ஒரு சாரார் அவர் வந்துவிட்டார் என்பர். மறு சாரார் இனித்தான் வருவார் என்பர். இதனை வெறும் கால வேறுபாடு என்று எண்ணுவோர் பலர். உண்மையில், வருபவர் யார், அவர் ஆற்ற வேண்டிய பணி யாது என்பதிலேயே இரு தரப்பாரும் வேறுபடுகின்றனர். கி.பி. 1263ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நிகழ்ந்த ஒரு விவாதம் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

யூதர் எதிர்பார்த்த அரசர்

பண்டைய இஸ்ரவேலரிடையே, அரசரையும் தலைமைக் குருவையும் பொறுப்பில் அமர்த்தும்போது தலையில் எண்ணெய் வார்க்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு எண்ணெய் பூசப்பட்டவரே மாஷியாஹ். எனவே இச்சொல் தொடக்கத்தில் ஒரு பொறுப்பையே குறித்தது. பாபிலோனியச் சிறையிலிருந்து யூதர்களை விடுவித்த பாரசீகப் பேரரசர் சைரஸ் யூதர் அல்லர். எனினும் ஏசாயாவின் ஆகமம் அவரையும் இச்சொல்லால் அழைக்கிறது.

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் ஜெருசலேமின் ஆலயத்தை அழித்தனர். தாவூத் நபி (அலை) அவர்களின் வழிவந்தோர் வீற்றிருந்த அரியணையும் வீழ்ந்தது. அவ்வழியில் மீண்டும் ஓர் அரசர் தோன்றி, சிதறிய மக்களை ஒன்றுசேர்ப்பார், ஆலயத்தை எழுப்புவார், உலகில் அமைதி நிலவும் என்னும் நம்பிக்கை அதன்பின் வேரூன்றியது. கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தையும் இடித்தபோது அந்த ஏக்கம் மேலும் வலுத்தது. கி.பி. 132இல் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பார் கோக்பாவையே மாஷியாஹ் என்று நம்பினார் மாபெரும் மார்க்க மேதையான ரப்பி அகிவா. 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டார்; நம்பிக்கையும் பொய்த்தது.

பிற்காலத்தில், சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சர் அல்ஃபாழில் அவர்களுக்கு மருத்துவராக விளங்கிய மூஸா இப்னு மைமூன் (1138-1204) இதனைச் சட்டமாகவே வகுத்தார். மாஷியாஹ் ஒரு மனிதர், அரசர், அவர் அற்புதங்கள் நிகழ்த்த வேண்டியதில்லை. பணியை முடிக்காமல் ஒருவர் கொல்லப்பட்டால் அவர் வாக்களிக்கப்பட்டவர் அல்லர் என்பதே அவர் முடிவு.

கிறித்தவர் கண்ட மீட்பர்

கிறித்தவத்தின் முதல் தலைமுறையினரும் யூதர்களே. தம் தலைவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பது அவர்களின் நம்பிக்கை. கொல்லப்பட்டவர் மாஷியாஹ் ஆதல் எங்ஙனம் என்ற கேள்விக்கு அவர்கள் விடை கூற வேண்டியிருந்தது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் வரும் துன்புறும் ஊழியர் அவரே என்றும், மனிதரின் பாவங்களுக்காக அவர் உயிர் ஈந்து பின் உயிர்த்தெழுந்தார் என்றும் விளக்கினர். அதே அதிகாரத்தின் ஊழியர் இஸ்ரவேல் சமுதாயமே என்பது யூத அறிஞர் பலரின் விளக்கம். கி.பி. 325இல் நிகேயாவில் கூடிய ஆயர்களின் சபை, இயேசுவை இறைத்தன்மை உடையவர் என்று அறுதியிட்டது. உலக அமைதி அவரது இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்றும் கிறித்தவர் கூறுவர்.

ஆக, யூதர் ஒரே வருகையில் எதிர்பார்த்ததைக் கிறித்தவர் இரண்டாகப் பகுத்தனர். அரசியல் விடுதலையை எதிர்நோக்கிய இடத்தில் ஆன்மிக மீட்பைக் கண்டனர். ஈஸா நபி (அலை) அவர்களை மஸீஹ் என்று ஏற்று, அவர்களுக்கு இறைத்தன்மை கற்பிப்பதை மறுப்பது இஸ்லாத்தின் நிலை என்பதை நாம் அறிவோம்.

அரசவையில் ஒரு முதியவர்

1263ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அரகான் நாட்டின் கிறித்தவ மன்னர் முதலாம் ஜேம்ஸ் பார்சிலோனாவில் ஒரு விவாதத்தைக் கூட்டினார். யூத மதத்திலிருந்து கிறித்தவத்தைத் தழுவி டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி ஒருபுறம் நின்றார். மறுபுறம் ஜிரோனா நகரின் மருத்துவரும் மார்க்க அறிஞருமான மோசே பென் நஹ்மான் நின்றார். அப்போது அவருக்கு அகவை எழுபதை நெருங்கியிருந்தது. அவர் விரும்பி வந்த அவையன்று அது, அரசர் கட்டளை. வாதில் தோற்றால் தம் மக்கள் மதம் மாற நெருக்கப்படுவர். வென்றால் ஆளும் மதத்தாரின் சினத்துக்கு ஆளாக நேரிடும். ஆதலால் தடையின்றிப் பேச உரிமை வேண்டுமென அவர் கேட்டார். மன்னரும் வழங்கினார்.

யூதரின் தல்மூதும் பழங்கதைகளுமே மாஷியாஹ் வந்துவிட்டதற்குச் சான்று என்பது பாப்லோவின் வாதம். ஆலயம் இடிக்கப்பட்ட நாளிலேயே மாஷியாஹ் பிறந்தார் என்றொரு கதையை அவர் எடுத்துக்காட்டினார். அத்தகைய கதைகளை நம்புவது கடமையன்று என்றார் மோசே. மேலும், இயேசு பிறந்ததோ ஆலயம் இடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. ஆகவே கதையை ஏற்றாலும் அது இயேசுவைக் குறிக்காது என்றார். பிறப்பது வேறு, பணிக்கு வருவது வேறு; மூஸா நபி (அலை) அவர்கள் பிறந்த அன்றே ஃபிர்அவ்னிடம் செல்லவில்லையே என்றும் வினவினார்.

அவரது முதன்மையான வாதமோ உலகைச் சுட்டியது. மாஷியாஹின் காலத்தில் போர் ஒழியும் என்பது தீர்க்கதரிசிகளின் வாக்கு. இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகில் கொடுமையே நிறைந்துள்ளது என்றார். போர்ப்பயிற்சி வேண்டாம் என்றால் மன்னருக்கும் அவருடைய வீரர்களுக்கும் எவ்வளவு கடினமாயிருக்கும் என்று மன்னரிடமே கேட்டார். மாஷியாஹ் பற்றிய நம்பிக்கை தம் மார்க்கத்தின் ஆணிவேர் அன்று. மெய்யான பிணக்கு இறைவனைப் பற்றிய கொள்கையிலேயே உள்ளது என்றும் எடுத்துரைத்தார்.

மன்னர் அவருக்கு 300 நாணயங்கள் அளித்து அனுப்பினார் என்று மோசே எழுதியுள்ளார். மன்னரின் முத்திரை பெற்ற இலத்தீன் குறிப்போ, அவர் விடை கூற இயலாது திணறினார் என்கிறது. இரு ஏடுகளும் இன்றும் உள்ளன. ஒவ்வொன்றும் தன் தரப்புக்கே வெற்றியைச் சூட்டுகிறது.

விலையும் அடைக்கலமும்

அவையில் நடந்ததை எழுதியதற்காகவே 1265இல் டொமினிக்கன் துறவிகள் மோசே மீது குற்றம் சாட்டினர். நூலை எரித்து, ஈராண்டு நாடு கடத்தலாம் என்றார் மன்னர். தண்டனை போதாதென்றனர் துறவிகள். போப் நான்காம் கிளெமென்ட்டும் அவரைத் தண்டிக்குமாறு மன்னருக்கு எழுதினார். இறுதியில் முதியவர் பிறந்த மண்ணைத் துறந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார்.

1267இல் அவர் அடைந்த ஜெருசலேம், மம்லூக் சுல்தான் பைபர்ஸின் ஆட்சியில் இருந்தது. மங்கோலியர் படையெடுப்பின் வடுக்கள் ஆறியிருக்கவில்லை. நகரில் ஏறத்தாழ 2000 பேரே வசித்தனர் என்றும், யூதர் எனச் சாயத்தொழில் செய்யும் இரு சகோதரர் மட்டுமே இருந்தனர் என்றும் அவர் மகனுக்கு எழுதினார். பாழடைந்த ஒரு வீட்டைச் சீராக்கித் தொழுகைக்கூடம் அமைத்தார். மார்க்க வாதத்தின் பொருட்டு ஒரு நாட்டில் வாழ இயலாது போனவர், முஸ்லிம்கள் ஆண்ட நகரில் தம் வணக்கத்தை நிலைநாட்ட முடிந்தது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. 1270இல் அவர் மறைந்தார்.

பார்சிலோனாவில் இரு தரப்பாரும் ஒரே சொல்லைப் பேசினர். ஒருவர் அதில் ஆன்மாவின் மீட்பரைக் கண்டார். மற்றவர் அமைதியை நிலைநாட்டும் அரசரைக் கண்டார். வேதம் வழங்கப்பெற்றோருடன் அழகிய முறையில் வாதிடுமாறு அன்கபூத் அத்தியாயம் நமக்குப் பணிக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவர் ஒரு சொல்லை எப்பொருளில் கூறுகிறார் என்று கேட்டறிவதே அந்த அழகிய முறையின் முதற்படி. அச்சமின்றி அவர் விடை கூறும் நிலையை உண்டாக்குவது அடுத்த படி. மன்னர் ஜேம்ஸ் அந்த உரிமையை வாக்களித்தார். ஆனால் அவரது அரசு ஈராண்டுகூட அதனைக் காத்து நிற்கவில்லை.