குணமா, நோயா?

அம்மா ஊரிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு பூனாவில் இருந்துவிட்டுப் போனார். கிளம்பும் முன் அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னார். "பையன் அப்படியே மாப்பிள்ளை மாதிரிடி. சிரிச்சா ஓயமாட்டேங்கிறான், மூஞ்சியத் தூக்கினா ரெண்டு நாள் ஆகுது. இப்பவே யார்கிட்டயாவது காட்டிடு."

என் கணவருக்கு பைபோலார். பதினொரு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார். பையனுக்கு ஒன்பது வயது. அம்மா சொன்னதை நான் நினைக்காத நாளில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1899-ல் எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மருத்துவர், மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்களை ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார். பிறகு வந்த பதிப்பில் இன்னொன்றும் எழுதினார். நோய் இல்லாத நாட்களிலும், நோயே வராத உறவினர்களிடமும்கூட நாலு வகை சுபாவம் தெரிகிறதாம்: எப்போதும் வாட்டம், எப்போதும் துள்ளல், தொட்டதற்கெல்லாம் எரிச்சல், ஏறி இறங்கும் மனசு. இவையெல்லாம் நோயின் முளை என்பது அவர் எண்ணம். (எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாதிப் பேர் இதில் அடங்கிவிடுவார்கள்!)

கிரேப்பலின் மியூனிக்கில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் பரம்பரை ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டவர் ஏர்ன்ஸ்ட் ரூடின். 1922 முதல் 1925 வரை நூற்றுக்கணக்கான குடும்பங்களை எடுத்து, இந்த நோய் மெண்டல் சொன்ன கணக்குப்படி இறங்குகிறதா என்று பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை. எந்தப் பிள்ளைக்கு வரும் என்று சொல்ல வழியில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கட்டுரையை அவர் வெளியிடவே இல்லை. 1933-ல் ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தபோது பட்டியலில் இந்த நோயும் இருந்தது; சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ரூடினும் ஒருவர். சுமார் 4 லட்சம் பேர் கருத்தடை செய்யப்பட்டார்கள். அமுக்கி வைத்த அந்த ஆய்வை வேறு ஆராய்ச்சியாளர்கள் 2015-ல்தான் அச்சில் கொண்டுவந்தார்கள். படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. தெரியாமல் செய்த தப்பு இல்லையே இது.

சரி, இன்றைய கணக்கு என்ன? பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 5 முதல் 10 பேருக்கு வரலாம். மனச்சோர்வு, பதற்றம் போன்றவை அதைவிட அதிகம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு இல்லை. பிட்ஸ்பர்க்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2016-ல் எழுதினார்கள். பதற்றமும் சோர்வும், நிலையில்லாத மனநிலை, லேசான மேனியா அறிகுறிகள், இவற்றோடு பெற்றோருக்கும் இளவயதிலேயே நோய் தொடங்கியிருந்தால் வாய்ப்பு 49%. இவை எதுவுமே இல்லாவிட்டால் 2%.

ரெண்டு நாள் மூஞ்சி தூக்குவது இந்தப் பட்டியலில் வருமா? ஸ்கூலில் சண்டை போட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு வராது என்றுதான் நினைக்கிறேன். தூங்காமல் கிடந்தால், காரணமே இல்லாமல் வாரக்கணக்கில் மாறினால் டாக்டரிடம் போவோம்.

இதையெல்லாம் கணவரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "எனக்கு எப்போ ஆரம்பிச்சது?" என்றார்.

"31. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "செகண்ட் இயர்ல, ஹாஸ்டல்ல நாலு நாள் தூங்காம இருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்லை."