யவன அறிஞரும் கடவுள் ஐயமும்

ஐயம் என்பது வேறு. மறுப்பு என்பது வேறு. மாலையொளியிற் சேய்மைக்கண் தோன்றும் ஒன்றைக் குற்றியோ மகனோ எனத் துணியாது நிற்றல் ஐயமாம். ஆண்டு யாதும் இல்லையெனத் துணிந்து கூறல் மறுப்பாம். இனி, பொருள் உண்டெனக் கொண்டே, அதற்குப் பிறர் கூறிய உருவம் பொருந்தாதெனக் கடிதல் இவ்விரண்டினும் வேறாயதொன்று. இம்மூன்றனையும் நாத்திகம் என்னும் ஒரு பெயரான் வழங்கியதனாற் பழைய யவன நாட்டில் விளைந்த தீங்கு பெரிது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கி. மு. ஆறாம் நூற்றாண்டிற் பிறந்த செனோபனீஸ் என்பார் சின்ன ஆசியாவிலிருந்த கொலோபன் நகரத்தவர். தாமும் ஒரு பாவலர். ஹோமரும் ஹெசியடும் களவு, பிறன்மனை நயத்தல், வஞ்சம் என்பவற்றைத் தேவர்பால் ஏற்றிக் கூறியதனை அவர் கடிந்தார். எத்தியோப்பியர் தம் தேவரைக் கரிய நிறத்தினராகவும் திரேசியர் நீலவிழியினராகவும் கருதுதலை எடுத்துக்காட்டி, குதிரைக்கும் எருதிற்கும் கையிருப்பின் அவையும் தத்தம் வடிவிலேயே தேவரை எழுதும் என்றார். இவ்வளவே கேட்டார் அவரை நாத்திகர் என்பர். ஆயின், வடிவானும் எண்ணத்தானும் மக்களை ஒவ்வாததாய், முழுதுங் காண்பதாய், தான் இயங்காதிருந்தே நினைவு மாத்திரையான் அனைத்தையும் இயக்குவதாய பெருங்கடவுள் ஒன்றுண்டு என்பதும் அவர் கூற்றே. ஆகவே அவர் கடிந்தது கடவுள்மேல் ஏற்றப்பட்ட மானிடக் குற்றங்களையே என்க.

ஐந்தாம் நூற்றாண்டினரான அப்டெரா நகரத்துப் புரொட்டகோரஸ், தேவர் உளரோ இலரோ என்பதைத் தாம் அறியமாட்டாமையையும், பொருளின் அருமையும் வாழ்நாளின் குறுமையும் அதற்குத் தடையாதலையும் தம் நூலின் முகப்பிலேயே உரைத்தார். இது துணியாமை, இன்மை கூறிற்றன்று. எனினும் அந்நூல் ஏதென்ஸ் நகரத்திற் பலரறிய எரிக்கப்பட்டதெனப் பிற்கால நூல்கள் கூறும்.

மீலோஸ் தீவினரான டயாகோரஸ் மறுப்பாளர் எனவே பெயர்பெற்றார். புயலிற் பிழைத்தோர் செலுத்திய காணிக்கைப் படங்களைக் காட்டித் தேவர்தம் காவலை வற்புறுத்திய ஒருவரை நோக்கி, மூழ்கி இறந்தார் படங்கள் யாண்டுள என அவர் வினவினார் என்ப. கடவுட்கொள்கையை நிலைநாட்டப் புகுவார் இவ்வினாவிற்கு விடைகூறாது கடத்தல் தகாது. ஏதென்ஸ் நகரமோ அவரைக் கொல்வார்க்கு ஒரு தாலந்து வெள்ளி பரிசென அறிவித்தது.

இம்மயக்கத்தின் முடிபைச் சாக்ரட்டீஸின் வழக்கிற் காண்க. கி. மு. 423-ல் அரங்கேறிய அரிஸ்டாபனீஸின் மேகங்கள் என்னும் நாடகம், தலைமைத் தேவனாகிய சியூஸ் இல்லையெனக் கற்பிப்பாராக அவரைக் காட்டி நகைத்தது. கி. மு. 399-ல், நகரத்தார் கொண்ட தேவரைக் கொள்ளாது புதிய தெய்வங்களைப் புகுத்துகின்றார், இளைஞரைக் கெடுக்கின்றார் என அவர்மீது வழக்கெழுந்தது. வழக்காளியாகிய மெலிட்டஸை அவர் மன்றத்தில் வினவியதனைப் பிளேட்டோ எழுதி வைத்துளார். சாக்ரட்டீஸ் எத்தேவரையும் கொள்ளாதவர், ஞாயிற்றைக் கல் என்பவர் என்றான் மெலிட்டஸ். ஞாயிறு அழற்கல் என்றது அனக்சகோரஸின் கொள்கையென அவர் காட்டினார். புதிய தெய்வங்களைப் புகுத்துவானொருவன் தெய்வமே இல்லை என்பானாதல் யாங்ஙனம் எனவும் வினவினார். வழக்காளிக்கு விடையில்லை. தெல்பி நகரத்துத் தெய்வவாக்கைத் தலைக்கொண்டு வாழ்ந்த அவர் நாத்திகரென்னும் பழியோடு நஞ்சுண்டு இறந்தார். முப்பது வாக்குகள் மாறியிருப்பின் விடுதலை பெற்றிருப்பார்.

பிற்காலத்துக் கார்னீயடீஸ், கி. மு. 155-ல் உரோமாபுரிக்குத் தூது சென்றவர். சியூஸ் தேவனெனின் அவன் உடன்பிறந்த பொசைடனும் தேவனாவான். அங்ஙனமாயின் ஆறுகளும் ஓடைகளும் தேவராதல் வேண்டும். எல்லை யாது எனத் தொடர்ந்து வினவினார். தேவரை ஒழித்தல் அவர் கருத்தன்று, ஸ்தோயிக்கரின் நிறுவுமுறை நிரம்பாமையைக் காட்டலே கருத்தென்று சிசரோ விளக்கியுள்ளார். அவர்க்கு நெடுங்காலம் பிற்பட்ட செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸோ, ஐயவாதியும் முன்னோர் வழக்கின்படி தேவரை வழிபடுவான். துணிபு ஒன்றே கூறான் என்றார்.

எனவே யவனருள் ஐயவாதி என ஒருவர் பெயர் கேட்குங்கால், அவர் உருவத்தைக் கடிந்தாரா, துணிபின்றி நின்றாரா, இன்மை கூறினாரா, நிறுவுமுறையின் குறைகண்டாரா எனப் பகுத்துணர்தல் முதற்கடனாம். பகுத்துணராது மறுக்கப் புகுவார் மெலிட்டஸைப் போல ஒருவர் கூற்றிற்கு மற்றொருவரைக் குற்றவாளியாக்குவர். இதனை அறிஞர் ஓர்ந்து கொள்க.