சமயமும் இறையியலும் தத்துவமும்

திருக்கோயிலில் விளக்கிடுதலும் திருமுறை ஓதுதலும் சமய ஒழுக்கம். அவ்வொழுக்கத்தின் பொருளை ஆகமங்கொண்டு துணிதல் இறையியல். நூற்பிரமாணத்தை ஒப்பாதானோடும் நியாயங்கொண்டு வழக்காடுதல் தத்துவம். இம்மூன்றனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலர். சைவ சாத்திர வரலாறு அம்மயக்கத்தைத் தீர்க்கும்.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம், மறைமொழி எதனையும் சான்று காட்டாது, தோன்றி நின்று ஒடுங்கும் உலகின் இயல்பைக் கொண்டே அதற்கொரு முதல்வன் உண்டென நிறுவுகின்றது. ஆண்டில் மூத்தவராயிருந்தும் அவர்க்கு மாணாக்கரானவர் என மரபு போற்றும் அருணந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியார் பரபக்கத்தில் முதற்கண் எதிர்கொள்வது உலகாயதனை. அவன் வேதாகமங்களைக் கொள்ளான். காட்சி ஒன்றே அளவை என்பான். அவனிடம் ஆகம வசனம் கூறி என்ன பயன்? நியாயத்தாலேயே மறுத்தல் வேண்டிற்று.

1313-இல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலோ, எதிர்வாதியருட் பலர் ஆகமத்தை உடன்படும் சைவரே. ஐக்கியவாதி ஆணவமலத்தை ஏலான். அவனோடு நிகழ்ந்த வழக்கு, ஆகமம் மெய்யோ என்பதன்று. அதன் பொருள் யாது என்பதே.

இத்துணை வழக்காடியும் அச்சான்றோர் வழிபாட்டைக் கைவிட்டிலர். சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம், முற்றிய ஞானம் பெற்றார்க்கும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமாகவே கண்டு வணங்குதலை விதிக்கின்றது.