ரேந்தை பின்னிய கைகளும் கணக்கில் வராத கூலியும்

குரோஷா பின்னல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வசதியான வீட்டுக் கூடம், கண்ணாடி அலமாரி, அதன்மேல் விரித்த வட்டமான வெள்ளை டாய்லி. "சும்மா இருக்கும் பெண்களின் பொழுதுபோக்கு" என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. தென்னிந்தியாவில் நூலால் பின்னும் இந்த வேலையின் வரலாறு சும்மா இருந்தவர்களிடம் தொடங்கவில்லை. அடிமைகளாக இருந்த சிறுமிகளிடம் தொடங்கியது. அதனால்தான் இது நம் வரலாறு.

கதை நம்ம ஊருக்குப் பக்கத்துச் சிதம்பரத்தைத் தொட்டுப் போகிறது. தென் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரம் கோயிலுக்கு யாத்திரை வந்தார். நந்தன் கதை நடந்த அதே ஊர். தேடி வந்தது இங்கே கிடைக்காமல், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவத்தைத் தழுவி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்ததன் பேரில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த சபைக் கிறிஸ்தவம் ஒரு பறையரின் வீட்டு வாசலில் தொடங்கியது என்பதை இன்றைக்குப் பலர் சத்தமாகச் சொல்வதில்லை.

அன்றைய திருவிதாங்கூர் என்ன நிலையில் இருந்தது? 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 1,60,000க்கும் மேற்பட்டோர் அடிமைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள். புலையர், பறையர், குறவர். நிலத்தோடு சேர்த்து விற்கலாம், அடகு வைக்கலாம், குடும்பத்தைப் பிரித்தும் விற்கலாம்.

1819 இறுதியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா சில காலத்திலேயே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக் கொடுத்தார். லேஸ் என்று இப்போது சொல்வதற்குத் தமிழில் இருந்த பழைய சொல் ரேந்தை, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இது கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா அல்ல. திண்டில் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. ஐரோப்பியப் பெண்கள் அதை வாங்கினார்கள். அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது.

அந்தப் பள்ளியில் அடிமைச் சிறுமிகளும் இருந்தார்கள். ரேந்தை விற்ற பணத்தில் அவர்களில் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். மிஷன் நூல்கள் இதை மிஷனரி அம்மாவின் கருணையாகவே எழுதுகின்றன. மார்த்தா கற்றுக் கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எசமானனுக்குப் போன பணம் அந்தச் சிறுமிகள் விரல் நோகப் பின்னிய பணம். தன் உடலுக்கு எவனோ வைத்த விலையைத் தன் உழைப்பால் கட்டியவள் அவள். மார்த்தாவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பின்னிய பிள்ளைகளின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை முழுமையாக ஒழித்தது 1855இல்தான். சட்டம் வருவதற்கு முன்பே நூல் வந்துவிட்டது.

தோள்சீலைப் போராட்டத்துக்கும் இந்தத் தையல் வகுப்புகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிறிஸ்தவப் பெண்கள் அணிந்த குப்பாயம் மிஷன் பெண்கள் வடிவமைத்தது. அதை அணிந்ததற்காகப் பெண்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, பள்ளிகள் எரிந்தன. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. புலையர் பெண்கள் தங்கள் கழுத்தில் கிடந்த அடிமைக் கல்மாலையை அறுத்தெறிய 1915இல் அய்யன்காளியின் பெரிநாடு போராட்டம் தேவைப்பட்டது.

இனி குரோஷாவுக்கு வருவோம். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பட்டினி கிடந்த குடும்பங்களுக்குச் சோறு போட்டது குரோஷா ரேந்தை. இந்தியாவில் அது வேரூன்றிய பெரிய இடம் ஆந்திராவின் கோதாவரிக் கரை, நரசாபூர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் முதலில் கற்றுக் கொடுத்தது மாலா, மாதிகா சமூகங்களிலிருந்து மதம் மாறிய ஏழைப் பெண்களுக்கு. அதாவது நம் மக்களுக்கு.

ஒரு சாதாரண வட்ட டாய்லியில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். ஆறு சங்கிலிக் கண்ணி போட்டு வளையமாக இணைக்க வேண்டும். வளையத்துக்குள் 12 நீளக் கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 36. இப்படிச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டிக்கொண்டே போனால்தான் வட்டம் தட்டையாக விரியும். கூட்டாமல் விட்டால் கிண்ணம்போலக் குழியும். அதிகம் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருளும். ஐந்து சுற்று டாய்லிக்கு மொத்தம் 180 கண்ணி. பத்துச் சுற்றுக்கு 660. அகலம் இரண்டு மடங்கு ஆனால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. அகலத்தை அளந்து கூலி பேசுகிறவன் எங்கே திருடுகிறான் என்று புதிதாகக் கற்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

1970களின் இறுதியில் ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் நரசாபூரில் ஆய்வு செய்து 1982இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டிலிருந்து பின்னினார்கள். சமையல், பிள்ளை, மாடு எல்லாம் போக ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள். முழுப் பொருள் யார் கையிலும் இல்லை. விற்றவர்களும் ஏற்றுமதி செய்தவர்களும் ஆண்கள். பின்னியவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயர்கூட இல்லை, "இல்லத்தரசி" என்றார்கள்.

மீஸ் கவனித்த இன்னொன்று நமக்கு முக்கியமானது. அந்தக் காலத்துக்குள் பின்னலில் காப்பு சாதிப் பெண்கள் பெருமளவில் வந்துவிட்டார்கள். வயலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருப்பது அவர்களுக்குச் சாதிக் கௌரவம். வயலில் இறங்கிய தலித் பெண்கள் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், கூடி நின்று கூலியும் கேட்டார்கள். படி தாண்டாதே என்ற சாதி ஒழுக்கம் அந்தச் சாதிப் பெண்ணின் கூலியையே தின்றது. பெண்ணைப் பூட்டி வைப்பதால் யாருக்கு லாபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? நரசாபூர் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. கூலிக்கு?

கூலிக்கான வழியை நம் தலைவர்கள் முன்பே போட்டு வைத்தார்கள். தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அறிமுகம் செய்தார். பாபு ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது 1948இல் அது சட்டமானது. அந்தச் சட்டம் தொழிலாளி யார் என்று வரையறுக்கும்போது, பொருளைப் பெற்றுக்கொண்டு தன் வீட்டிலிருந்தே பிறருக்காகச் செய்து கொடுப்பவரையும் சேர்த்தே சொன்னது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை.

சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் பக்கத்திலும் நம் பெண்கள் செல்போனில் பார்த்துக் குரோஷா பழகுகிறார்கள். பழகட்டும், நல்ல கைத்தொழில். ஆனால் முதல் ஆர்டர் எடுக்கும்போதே நூல் யார் காசு, ஒரு டாய்லிக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கண்ணி என்று நோட்டில் எழுதி வையுங்கள். தனித்தனியாக விலை பேசாமல் குழுவாகப் பேசுங்கள். நாகர்கோவில் சிறுமிகளின் பெயரை எழுதி வைக்க அன்று யாரும் இல்லை. நம் பெண்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதட்டும்.