விசாரணை மன்றத்தை முடிவு செய்பவர் யார்?

ஒரு வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? சட்டம் பயில்வோர்க்கு மட்டும் உரிய வினாவன்று இது. தானா ராத்தாவில் நடைபெறும் ஒரு வழக்கு தெமர்லோ உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டால், கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவரும் அவர்தம் சாட்சிகளும் கூலியை இழந்து மலையிறங்க வேண்டும்.

விடுதலை பெற்ற 1957 முதல், அரசியலமைப்பின் 121ஆம் பிரிவு நாட்டின் நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களிடமே ஒப்படைத்திருந்தது. ஆயினும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 418ஏ பிரிவு அரசாங்க வழக்கறிஞருக்கு ஓர் அரிய வாய்ப்பை அளித்தது. அவர் ஒரு சான்றிதழ் வழங்கினால் போதும். கீழ்நீதிமன்றம் தன் முன்னுள்ள வழக்கை மறுப்பின்றி உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

டத்தோ யாப் பெங் வழக்கில் இப்பிரிவு சோதனைக்கு உள்ளாயிற்று. நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டின்பேரில் கோலாலம்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் அவர். வழக்கு மாற்றப்பட்டபோது, உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்காரியா யாத்திம் அப்பிரிவு செல்லாதெனத் தீர்ப்பளித்தார். 1987இல் உச்ச நீதிமன்றமும் ஐவருள் மூவரின் முடிவால் அதனை உறுதிசெய்தது. வழக்கை ஒரு மன்றத்தினின்று மற்றொன்றுக்கு மாற்றுவது நீதி அதிகாரத்தின் பாற்பட்டது. அரசின் கை அதில் நுழையலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மாறுபட்ட இருவருள் ஒருவர் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ். அரசுக்குச் சாதகமாகக் கருத்துரைத்த அவரே மறு ஆண்டு பதவி நீக்கப்பட்டார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அரசு வாளாவிருக்கவில்லை. 1988இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்திற்று. 121ஆம் பிரிவினின்று ‘நீதி அதிகாரம்’ என்னும் சொற்கள் அகன்றன. நீதிமன்றங்களுக்குக் கூட்டரசுச் சட்டம் அளிக்கும் அதிகாரமே உண்டு என்றாயிற்று. வழக்கு நடைபெறும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் தனியுரிமையைச் சட்டத்துறைத் தலைவருக்கு அளிக்கவும் 145ஆம் பிரிவில் வழி செய்யப்பட்டது. சமய நீதிமன்றங்களின் எல்லைக்குட்பட்டவற்றில் உயர்நீதிமன்றங்கள் தலையிடலாகாது என்னும் 121(1ஏ) உட்பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததே. தோல்வியுற்ற ஒரு வழக்கிற்காக இத்துணை மாற்றம் வேண்டியிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

2007இல் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் இத்திருத்தத்தைச் சொல்லுக்குச் சொல் ஏற்றனர். பத்தாண்டு கழித்துக் காற்று திசைமாறியது. 2017இல், நில எடுப்பு இழப்பீடு பற்றிய செமினி ஜெயா வழக்கில், நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியதென அதே மன்றம் உரைத்தது. 2018 ஜனவரி 29இல் இந்திரா காந்தி வழக்கிலும் நீதிபதி ஜைனுன் அலி அவ்வழியே சென்றார். தாயின் ஒப்புதலின்றி மூன்று குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாவென முடிவாயின. உயர்நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரத்தை அரசியலமைப்புத் திருத்தத்தாலும் பறிக்கவியலாது என்றது அம்மன்றம். அந்நாளிலும், 1988இல் நீக்கப்பட்ட அச்சொற்கள் 121ஆம் பிரிவில் மீண்டும் எழுதப்பட்டிருக்கவில்லை.