555 நோட்டில் வந்தியத்தேவன்

என் தங்கை மகள் படம் வரைகிறாள். வயது இருபத்திரண்டு. சிறுவர் கதைப் புத்தகங்களுக்குப் படம் போட்டுக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் உட்கார்வாள். பக்கத்தில் ஒரு கோப்பை மைலோ, காதில் பாட்டு, மடியில் ஐபேட். அவள் அம்மாவுக்கு இந்தப் பழக்கம் ஒன்றும் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வருஷம் ஒரு தமிழ்ப்பள்ளியில் சுவர் ஓவியம் வரையச் சொல்லி அவளைக் கேட்டார்கள். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட காட்சி. சுங்கைப் பட்டாணியில் இருந்துகொண்டு வேறு எதை வரையச் சொல்வார்கள்? கெடாவில் பிறந்த தமிழனுக்குக் கடாரம் என்ற பெயர் தாலாட்டு மாதிரி. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, அப்ப இங்க இருந்த ஆளுங்க என்னா உடுத்தியிருப்பாங்க? வீடெல்லாம் எப்படி இருந்திருக்கும்?"

சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உயர்ந்த கொண்டை, தோளில் வாகுவளையம், பிடரி சிலிர்த்த குதிரை என்று எனக்குள் வரிசையாக வந்ததெல்லாம் ஓவியர் மணியம் வரைந்தவை. அத்தனையும் தஞ்சாவூர். கடாரம் என்று ஒரு கோடுகூட என்னிடம் இல்லை.

நான் வளர்ந்தது பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எங்கள் பள்ளி வாத்தியாரிடம் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. வாராவாரம் கல்கி இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்ட தொகுப்பு. வாசிக்கும் வயது வருவதற்கு முன்பே நான் அதைப் 'பார்த்து' முடித்திருந்தேன். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு குந்தவையின் கொண்டையை ஒரு மதியம் முழுக்கப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வரைவதற்குத்தான் தாள் இல்லை. வீட்டில் இருந்த ஒரே வெள்ளைத் தாள் 555 நோட்டு. சீனர் கடைக் கடன் கணக்கு எழுதும் அந்தக் குட்டி நோட்டை அறியாத தோட்டத்து வீடு கிடையாது. அதன் பின்பக்கத்தில் வந்தியத்தேவனைக் குதிரையோடு வரைந்தேன். அடுத்த வாரம் அம்மாவோடு கடைக்குப் போனபோது தவுக்கே நோட்டைப் புரட்டி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குதிரையின் காலுக்குக் குறுக்கே நெத்திலிக் கருவாட்டின் விலையை எழுதினார். அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

அந்தப் படங்களை வரைந்தவரும் அப்போது இளைஞர்தான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. மணியம் என்றதும் நரைத்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் பிறந்தது 1924. சென்னை ஓவியப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர். படிப்பு முடிவதற்கு முன்பே கல்கி இதழுக்குப் போய்விட்டார். 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அவருக்கு இருபத்தாறு. பிறகு மூன்றரை ஆண்டுகள், வாரம் தவறாமல். வாரப் பத்திரிகைக்கு ஓவியனின் காய்ச்சலும் தலைவலியும் தெரியாது. அச்சுக்கு நாள் குறித்தாயிற்று என்றால் பிளாக் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த ஓட்டத்தில் வரைந்த கோடுகள் அவை. 1968ல் நாற்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். தொடர் மீண்டும் வெளிவந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்கள் வரைந்தார்கள். நல்ல ஓவியர்கள்தான். ஆனாலும் மணியத்தின் குந்தவையைப் பார்த்த கண்ணுக்கு மற்றவர்கள் எல்லாம் அவளுடைய சித்தி மகள்கள். 2022ல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தும் நான் அதையேதான் சொன்னேன். தங்கை மகள் சிரித்தாள்.

மணியத்தின் பழக்கங்களில் என்னை இப்போது யோசிக்க வைப்பது ஒன்றுதான். அவர் போய்ப் பார்த்தார். கல்கியோடு அஜந்தாவுக்குப் போனார், இலங்கைக்குப் போனார். படங்களை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. பெண்களின் கண்ணிலும் கழுத்தணியிலும் அஜந்தா. நிற்கும் நிலையில் சோழர் கால வெண்கலம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், நாயக்கர் கால வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழ ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டது 1931ல்தான். அதற்கு முந்தைய தலைமுறை ஓவியர் ஒருவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. ஆதாரம் கிடைக்காத இடத்தை அவர் நாடக மேடையிலிருந்து நிரப்பிக்கொண்டார் என்பது என் எண்ணம். சில மீசைகளில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். அதே ஓவியப் பள்ளியில் படித்த சில்பி இன்னும் ஒரு படி மேலே போய், கோயில் கோயிலாக உட்கார்ந்து சிலைகளை நேரில் பார்த்தே வரைந்தவர்.

நாங்கள் மணியத்தைப் பார்த்து வரைந்தோம். மணியம் எதைப் பார்த்து வரைந்தார் என்று கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பொன்னியின் செல்வன்' உத்தம சோழன் முடிசூடுவதோடு முடிந்துவிடுகிறது. கடாரப் படையெடுப்பு நடந்தது 1025 வாக்கில், ராஜராஜன் மகன் காலத்தில். அதாவது நாங்கள் குடியிருந்த ஊர் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்துக்கும் அப்பால் இருந்தது.

ஆனால் அதைத் தோண்டிப் பார்க்கும் வேலை கல்கி இதழ் பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தது. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தன் மனைவி டோரதியோடு 1936, 37ல் பூஜாங் பள்ளத்தாக்கில் முப்பது வாக்கில் இடங்களை அகழ்ந்தார். அறிக்கை 1940ல் வந்தது. 1941 ஆகஸ்டில் சென்னையில் கல்கி தொடங்கியது. அதே வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பிறகு சில ஆண்டுகள் இங்கே யாருக்கும் பத்திரிகையும் இல்லை, பழங்காலமும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான். 1960ல் அலஸ்டர் லாம்ப் புக்கிட் பத்து பஹாட் கோயிலை அடித்தளம் வரை கட்டி நிறுத்தினார். நான் குந்தவையின் கொண்டையோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கோயில் ஜெராய் மலையடிவாரத்தில் ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஒருவரும் கூட்டிப் போகவில்லை. குறை சொல்ல முடியாது. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, சாயங்காலம் அலுப்பு.

இதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பேராக்கில் 1951ல் பிறந்த லாட், பதின்மூன்று வயதிலேயே படக்கதை வரைந்து பினாங்குப் பதிப்பகத்துக்குக் கொடுத்தவர். 1979ல் வந்த 'கம்போங் பாய்' புத்தகத்தில் தன் வீட்டு ஏணிப்படி, ஈயக்கப்பல், அப்பா காட்டிய ரப்பர் நிலம் என்று எல்லாவற்றையும் வரைந்துவிட்டார். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு பொறாமை வந்தது. ரப்பர் மரத்தையும் மங்கையும் வரையலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. அவருக்கு அது சொந்த நிலம், எங்களுக்கு வெள்ளைக்காரன் நிலம் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் உண்மை.

தங்கை மகளை மெர்போக்குக்கு அழைத்துப் போனேன்.

"இவ்ளோதானா மாமா?" என்றாள் முதலில். கருங்கல் மேடை, படிகள், முன்மண்டபத் தரை. அவ்வளவுதான். பிறகு தரையில் உட்கார்ந்தாள். மண்டபத்தில் வரிசையாக இருந்த கல் பீடங்களை எண்ணினாள். தூண் நின்ற இடங்கள் அவை. தூண்கள் மரம், மக்கிப் போய்விட்டன. கூரையும் அப்படித்தான். "அப்ப மேல அத்தாப்பா? பழைய லயம் மாதிரியா?" என்றாள். இருக்கலாம் என்றேன். இரண்டு மணி நேரம் வரைந்தாள். ஐபேட்டை எடுக்கவில்லை. பென்சில்.

பக்கத்து அருங்காட்சியகத்தில் நான் தெரிந்ததைச் சொன்னேன். கடாரத்து அரசர் சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினார், அவர் மகன் முடித்தார். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். அப்பா கொடுத்த அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டி நிலைப்படுத்தியவன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் பின்னாளில் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாம எந்தப் பக்கம் மாமா?"

என் 555 நோட்டில் நான் எப்போதும் குதிரை மேல் இருந்தேன். கரையில் நின்றவனாக என்னை ஒருநாளும் நினைத்ததில்லை. பூஜாங்கில் கிடைத்ததெல்லாம் சோழன் கட்டியது என்று இன்றும் மேடைகளில் பேசுகிறோம். அவனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பெயர் பொறித்த கல் செபராங் பிறையில் கிடைத்திருக்கிறது. யார் யாரோ வந்து, தங்கி, கும்பிட்டு, வியாபாரம் செய்த துறைமுகம். 2013ல் பதினோராம் எண் சண்டியை (கோயிலை இங்கே சண்டி என்பார்கள்) வீட்டு மனைக்காக இடித்துத் தரைமட்டமாக்கியபோது நாமும் கத்தினோம், நியாயம்தான். அதற்கு முந்தின வாரம் வரை நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பதினொன்று தெரியும்?

பள்ளிக்கு அவள் கொடுத்த மாதிரிப் படத்தில் ஆற்றுமுகம் இருந்தது. பின்னால் ஜெராய் மலை, அத்தாப்புக் கூரையோடு கோயில், கரையில் சனம். கப்பல்கள் தூரத்தில், கட்டைவிரல் உயரம். "ராஜா எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "கப்பல்ல இருக்காரு சார்" என்றிருக்கிறாள். ராஜாவைப் பெரிசாக்கி, யானை மேல் உட்கார வை என்றார்களாம். பேசிப் பேசி, கப்பலை மட்டும் கொஞ்சம் கிட்டே கொண்டுவர ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து என்னை எழுப்பினாள். கரையில் சுமை தூக்கி நடக்கும் ஒருவன் சரியாக வரவில்லையாம். "மாமா, தோட்டத்துல காண்டா எப்படி தூக்குவீங்க? நின்னு காட்டுங்க." நான் தரை துடைக்கும் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். இரண்டு பக்கமும் பால் நிறைந்த வாளி இருப்பதாக நினைத்துக்கொண்டதும் முழங்கால் தானாக மடங்கியது.

"அப்படியே இருங்க, ஆடாதீங்க" என்றாள். "தோளை மட்டும் இன்னும் கொஞ்சம் எறக்குங்க."