வீடு தங்காத கால்கள்

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கால் தங்குவதே இல்லை!”

இந்த வார்த்தையைச் சொல்லாத பாட்டி தமிழ்நாட்டில் எந்தக் காலத்திலும் இருந்திருக்க மாட்டாள் என்பது என் திடமான நம்பிக்கை. 1884-ஆம் ஆண்டில் கவர்னர் கிராண்ட் டஃப் சென்னைக் கடற்கரையோரம் உலாவும் சாலை அமைத்து அதற்கு ‘மெரீனா’ என்று பெயர் வைத்தபோது, மயிலாப்பூர்ப் பாட்டி ஒருத்தி இதைச் சொல்லியிருப்பாள். 1895-இல் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியபோது இன்னொரு தடவை சொல்லியிருப்பாள். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து, திரையில் ஊமையாக ஆடிக்கொண்டிருந்த உருவங்கள் வாய் திறந்து பாட ஆரம்பித்ததும், சொல்வதை நிறுத்திவிட்டுப் பேரனோடு தானும் புறப்பட்டிருப்பாள்!

ஆகவே, கால் வெளியே இழுப்பது புதிய வியாதி அன்று. எனக்கு ஆராயத் தோன்றுவது வேறொரு கேள்வி. வெளியே போன கால்களை வீடு எப்படித் திரும்ப அழைத்துக்கொண்டது? சரித்திரம் என்றால் ராஜாக்களின் சண்டை என்றே நாம் படித்துப் பழகிவிட்டோம். சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து இரவு பாய் விரிக்கும்வரை உள்ள மூன்று மணி நேரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

முதல் அத்தியாயத்தின் கதாநாயகன் விளக்கு. வீட்டுக்கு ஒரு விளக்கு, மிஞ்சினால் இரண்டு. எண்ணெய் விளக்கோ, மண்ணெண்ணெய் ஊற்றிய அரிக்கேன் விளக்கோ, எதுவானாலும் அதன் வெளிச்சம் நாலு முழத்துக்கு மேல் போகாது. படிக்கிற பையன், பூத் தொடுக்கிற அத்தை, கணக்கு எழுதுகிற அப்பா, தூங்கி வழிகிற குழந்தை எல்லாரும் அந்த நாலு முழத்துக்குள்தான் வந்தாக வேண்டும். பாசத்தினால் வந்தார்கள் என்று சொல்லி நாம் உருகிப் போக வேண்டியதில்லை. மற்ற இடமெல்லாம் இருட்டு, அதனால் வந்தார்கள். வந்தபிறகு பேச்சு பிறந்தது.

அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி புத்தகங்களும் வந்தன. ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’, ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’ என்று அந்தக் காலத்தில் சந்தைகளில் மலிவாக விற்றார்கள். பெரிய எழுத்து யாருக்காக? மங்கிய விளக்கில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக. அநேக வீடுகளில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் உரக்கப் படிப்பார்; மற்ற பத்துப் பேர் கேட்பார்கள். நல்லதங்காள் கிணற்றங்கரைக்குப் போகும் இடம் வந்தால் பத்துப் பேரும் சேர்ந்து அழுவார்கள். தனியாக உட்கார்ந்து அழுவதற்கும், பத்துப் பேராக உட்கார்ந்து அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னது ஓர் இளைப்பாறல்.

இரண்டாவது அத்தியாயம் விளையாட்டு. சங்கப் பாடல்களிலேயே கழங்கு ஆடும் பெண்கள் வருகிறார்கள். கல்லாமையைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர், கட்டம் கீறாமல் காய் உருட்டுவதை உவமையாக எடுத்துக்கொள்கிறார். கேட்பவர்களுக்கு அந்த ஆட்டம் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உவமை எடுபடாது. அதே வள்ளுவர் சூதைக் கண்டித்துத் தனியாக ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். உருட்டுகிற காய் ஒன்றுதான். பணயம் வைத்தால் அது குடியைக் கெடுக்கும், வைக்காவிட்டால் குடும்பத்தைக் கூட்டும். நம் பாட்டிமார்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பல்லாங்குழியில் ஜெயித்தவளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு மடி புளியங்கொட்டை. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன கோட்டை கட்டப் போகிறாள்?

பல்லாங்குழியைச் சற்று உற்றுப் பாருங்கள். பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள். ஊர் வழக்கப்படி குழிக்கு ஐந்தோ ஆறோ காய்கள். ஒரு குழியில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நம் காய் எதிராளி குழியிலும் விழும். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது ‘பசு’; குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, எதிராளிக்குக் கொடுத்துக்கொண்டே போனால்தான் நாமும் எடுக்க முடியும்! கை தானாக ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்கு வேலை இல்லை. ஆகவே வாய் ஊர்க் கதை பேசும். கைக்கு வேலையும் வாய்க்கு விடுதலையும் தருகிற காரியம் எதுவோ, அதுவே சிறந்த ஓய்வு என்பது என் அபிப்பிராயம்.

தாயக்கட்டையின் மகிமை வேறு. அங்கே கெட்டிக்காரத்தனம் கொஞ்சம், அதிர்ஷ்டம் அதிகம். தாயம் விழாமல் பெரிய வக்கீலின் காயும் கட்டத்துக்குள் இறங்காது. ஏழு வயதுப் பேத்திக்கு முதல் உருட்டலிலேயே தாயம் விழும். இன்னொரு விசேஷம், வெட்டு. பல ஊர்களில் எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் நம் காய் உள்கட்டத்தில் ஏறிப் பழமாகலாம் என்பது சட்டம். மருமகள் மாமியாரின் காயை வெட்டலாம். வெட்டியே ஆக வேண்டும்! வருஷம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் அந்த ஒரு வெட்டை எவ்வளவு ஆனந்தமாக வெட்டியிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். மாமியாரும் சிரித்துக்கொண்டுதான் காயைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் பெரும் போர் மூளாமல் காத்தவை இரண்டு பித்தளைக் கட்டைகள்தான்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்குப் பரமபதம். ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். இந்த ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், அங்குள்ள குழந்தைகள் அறையில் புகுந்துகொண்டது. பெயரும் சட்டையும் மாற்றிக்கொண்டு பின்பு நம்மிடமே அட்டைப் பெட்டியில் விலைக்கு வந்தது.

இதுவரையில் படித்தவர்கள், “ஆஹா, பழைய காலம் பொற்காலம்!” என்று பெருமூச்சு விட்டிருக்கலாம். பெருமூச்சைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றில், என் பாட்டி கூடத்துத் தரையில் சாக்குக் கட்டியால் கட்டம் கீறி எங்களோடு தாயம் ஆடுவாள். அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே கட்டைகள் உருளும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. சமையலறையை ஒழித்துப்போட்டுவிட்டு அவள் உட்காரும்போது மணி இரண்டாகிவிடும். மூன்று மணிக்குத் திண்ணையிலிருந்து, “காப்பி ஆச்சா?” என்று தாத்தாவின் குரல் வரும். உடனே எழுந்துவிடுவாள்.

“பாட்டி! உன் ஆட்டம்!” என்று நாங்கள் கத்துவோம்.

“எனக்கும் சேர்த்து நீயே போட்டுடு, கண்ணு” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

என் பாட்டி ஓர் ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்து நான் பார்த்ததே இல்லை.

பழைய வீடு தங்கிய கதையில் எழுதப்படாத பக்கம் இதுதான். திண்ணை என்பது பாதி வீடு, பாதி தெரு. ஆண்கள் அங்கே சீட்டாடினார்கள்; அலுத்தால் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்கு வீடு ஓர் இளைப்பாறும் இடம். உள்ளே இருந்தவர்களுக்கு அதுவே உத்தியோகம்; விடுமுறை இல்லாத உத்தியோகம். போகலாம் என்ற சுதந்திரம் உள்ளவன் தங்கினால் அது சுகம். போக முடியாதவள் தங்கினால் அதற்குப் பெயர் வேறு.

அப்படி உள்ளே இருந்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். 1901-இல் பிறந்து, ஐந்து வயதிலேயே கல்யாணமாகி, பள்ளிக்கூடம் காணாமல் திருவல்லிக்கேணிப் புக்ககத்தில் வளர்ந்தவர் வை. மு. கோதைநாயகி. குழந்தைகளையும் அண்டை வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கதை சொல்வார். சரளமாக எழுத வராது. பட்டம்மாள் என்ற சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தார். ‘இந்திர மோகனா’ என்ற நாடகம் அப்படித்தான் பிறந்தது. பிறகு எழுதவும் கற்றுக்கொண்டு, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925-இல் ஏற்று நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார், மேடையேறிப் பேசினார், விடுதலைப் போரில் சிறைக்கும் போனார். வீட்டுப் பொழுதுபோக்கு ஒருத்திக்குக் கதவைத் திறந்துவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு வேண்டியிருந்தவை இரண்டே: காது கொடுத்துக் கேட்கச் சிலர், கூட உட்கார ஒருத்தி.

மூன்றாவது அத்தியாயத்தில் பத்திரிகைகள் வருகின்றன. 1926-இல் தோன்றிய ‘ஆனந்த விகடன்’, 1941-இல் தோன்றிய ‘கல்கி’ முதலியவை வாரம் ஒரு நாளைத் திருநாளாக்கின. 1950-இலிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்துகொண்டிருந்தபோது, பத்திரிகை வருகிற நாளில் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். கிளம்பினால் இன்னொருவர் கையில் இதழ் போய்விடும்! சண்டைக்குப் பயந்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது என்ற சமாதான உடன்படிக்கையும் பல வீடுகளில் ஏற்பட்டது. ஆறு பக்கம் படித்ததும் ‘தொடரும்’ என்று முடிந்துவிடும். அப்புறம் ஏழு நாளும் பேச்சு. அளவோடு நிறுத்தியதனால்தான் அது ஓய்வாக இருந்தது.

ரேடியோவின் கதை விசித்திரமானது. 1930-இல் சென்னை நகரசபை ஒலிபரப்பு நடத்தியபோது, கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பாட்டுக் கேட்க வேண்டுமானால் வெளியே போக வேண்டும்! 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையம் வந்த பிற்பாடு, மெள்ள மெள்ளப் பெட்டி கூடத்துக்குள் குடியேறியது. ரேடியோ காதைத்தான் கேட்டது. கண்ணையும் கையையும் விட்டுவிட்டது. கச்சேரி கேட்டுக்கொண்டே கீரை ஆயலாம். பையன் சைக்கிளுக்கு எண்ணெய் போடலாம்.

அதே சமயத்தில் 1932-இல் பைகாராவிலும் 1937-இல் மேட்டூரிலும் பிறந்த மின்சாரம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. அறைக்கு ஒரு விளக்கு வந்தது. நாலு முழ வட்டம் கலைந்தது. படிப்புக்கும் கண்ணுக்கும் பெரிய உபகாரம். அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அன்றுமுதல், சேர்ந்து உட்கார வேண்டுமானால் அதற்கென்று ஒரு காரணத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது அந்தக் காரணங்களில் ஒன்று. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. 1987-இல் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ‘ராமாயணம்’ வந்தபோது, ஹிந்தி ஒரு வார்த்தை புரியாத எங்கள் தெருவே டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. தொலைக்காட்சி கால்களை வீட்டுக்கு அழைத்து வந்தது வாஸ்தவம். ஆனால் வட்டமாக இருந்தவர்களை வரிசையாக்கியது. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எப்படி? கைபேசி வந்ததும் அந்த வரிசையும் போயிற்று. ஆளுக்கு ஒரு மூலை, மூலைக்கு ஒரு வெளிச்சம்.

பிறகு 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. எந்தப் பாட்டியாலும் சாதிக்க முடியாததை ஒரு கிருமி சாதித்தது. பரண்மேல் கிடந்த பல்லாங்குழி கீழே இறங்கியது. பிள்ளைகள் தாயம் கற்றுக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் ‘ராமாயணம்’கூட மறுபடி வந்தது. முதல் வாரம் திருவிழா போல இருந்தது. மூன்றாவது வாரத்தில் சமையலறையிலிருந்து பாத்திரம் விழும் ஓசை சற்றுப் பலமாகவே கேட்க ஆரம்பித்தது. வீட்டில் எல்லாரும் இருந்தால் வேளைக்கு வேளை எல்லாருக்கும் சோறு, இடையிடையே காப்பி, பலகாரம். நாலு பேர் ஓய்வெடுக்க ஒருத்தி இரட்டை வேலை செய்தாள். அதே நாட்களில், தங்குவதற்கு நகரத்தில் ஒரு வீடில்லாமல், சொந்த ஊரை நோக்கி நூற்றுக்கணக்கான மைல் நடந்த தொழிலாளர்களையும் பார்த்தோம். வீடு தங்குவது என்பதே ஒரு வசதி என்று அவர்களுடைய கால்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தன.

இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை எளிமையானது. உபதேசத்தினால் எந்தக் காலும் வீடு தங்கியதில்லை. ஒரு விளக்கு, கைக்கு ஒரு சின்ன வேலை, பேத்தியும் ஜெயிக்கக்கூடிய ஓர் ஆட்டம், அளவோடு நின்றுவிடும் ஒரு கதை, இவையே தங்க வைத்தன. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. இன்றும் கிடைக்காத பொருள் எதுவும் இல்லை.

வாரத்தில் ஒரு மாலை போதும். மற்ற அறைகளில் விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்தில் மட்டும் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். கைபேசிகளைப் பக்கத்து அறை இருட்டுக்குக் காவலாக வைத்துவிடலாம். அன்றைக்கு ராத்திரிக்கு மோர் சாதமும் ஊறுகாயும் போதும். அதையும் ஆறு மணிக்கே எல்லாருமாகச் சேர்ந்து பிசைந்து, எல்லாருமாகச் சேர்ந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். சமையலறைக் கதவைச் சாத்திய பிறகே கட்டையை உருட்ட வேண்டும். நடுவில் யாராவது “காப்பி” என்று குரல் கொடுத்தால், குரல் கொடுத்தவரே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வரட்டும். மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்!